எதிர்க்காற்றில் இரண்டு பேட்டரி

மைண்டர்டுக்கு வயது எழுபத்தொன்று. அறிவுரை சொல்வதென்றால் அவருக்கு அல்வா சாப்பிடுவது மாதிரி. அதிலும் சைக்கிள் பேட்டரியைப் பற்றி என்றால் உண்மையான சாப்பாட்டையே மறந்துவிடுவார். வின்ஸ்கோட்டன் என்ற ஊரில் அவர் இருக்கும் அடுக்குமாடிக் கட்டிடத்தில் வீட்டுக்கு ஒரு பேட்டரி சைக்கிளாவது உண்டு. தரைத்தளத்து சைக்கிள் அறையில் யாராவது குனிந்து எதையாவது தொட்டால் போதும், நிமிரும்போது பின்னால் மைண்டர்ட் நிற்பார்.

"முழுசா தீர விடாதே. எண்பது பர்சென்ட்டுக்கு மேலே ஏத்தி சும்மா போட்டு வைக்காதே. பனிக்காலத்துல ராத்திரி இங்கே விட்டுட்டுப் போகவே கூடாது, மேலே தூக்கிட்டுப் போயிடணும். அது பச்சப்புள்ளை மாதிரி. குளிர் தாங்காது, செத்துடும்."

"சரி மைண்டர்ட்," என்பார்கள். சிலர் அவர் செருப்புச் சத்தம் கேட்டதுமே அவசரமாக செயினைத் துடைக்க ஆரம்பிப்பார்கள். அவருடைய செயினோ மழையில் போய்வந்தாலும் கைக்கடிகாரம் மாதிரி பளபளக்கும். வாரம் தவறாமல் டயரில் காற்று அளப்பார், பிரேக்கைத் திருகிப் பார்ப்பார், பேட்டரி உட்காரும் இடத்திலுள்ள செம்புப் பற்களைப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்ப்பார். அந்த பிரஷ் தன் சொந்த பிரஷ்ஷைவிடப் புதிது என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அப்பேர்ப்பட்ட மனிதரின் பேட்டரிதான் இப்போது இழுத்துக்கொண்டு கிடந்தது.

போன பனிக்காலம் முழுக்க அதைக் காலியாகக் கீழேயே மறந்துவிட்டிருந்தார். மார்ச் மாதம் வெயில் எட்டிப் பார்த்த அன்று சைக்கிளை எடுக்கப் போனபோதுதான் தெரிந்தது. சார்ஜ் போட்டால் மளமளவென்று ஏறும். மிதிக்க ஆரம்பித்தால் அதே மளமளவில் இறங்கும். கொஞ்சம் எதிர்க்காற்று அடித்தால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் படுத்துவிடும். புதிது ஒன்று வாங்கலாம், வாங்க வக்கில்லாதவர் இல்லை. ஆனால் ஊரில் இருப்பது ஒரே ஒரு சைக்கிள் கடை. கடைக்காரரின் மனைவி இவர் கட்டிடத்தில் இரண்டாம் மாடியில் இருக்கிறாள். காலையில் ஆர்டர் கொடுத்தால் சாயங்காலத்துக்குள் நாலு மாடியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். அதற்கு செத்த பேட்டரியே மேல் என்று இருந்துவிட்டார்.

இந்த லட்சணத்தில்தான் ரூலியோடு சுற்றுலா கிளம்பினார்.

ரூலி மூன்றாம் மாடி. கால்வாய்ப் பாலத்தைத் தூக்கி இறக்கும் வேலையில் முப்பது வருஷம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவள். கீழே படகில் போகிறவனுக்குக் கேட்கும்படி பேசிப் பேசி, இப்போது காபி வேண்டுமா என்று கேட்டாலும் அதே குரல்தான். புருஷன் போய் ஆறேழு வருஷம். இடது முட்டியில் அறுவை சிகிச்சை ஆனபிறகு சாதாரண சைக்கிள் மிதிக்க முடியாமல் போனபோது, மைண்டர்ட்தான் தன்னுடையதைப் போலவே அச்சு அசலாக ஒரு பேட்டரி சைக்கிள் வாங்கச் சொன்னார். அதே சாம்பல் நிறம், அதே மோட்டார், அதே பேட்டரி. நாலு நாள் பயணம் போகலாமா என்று கேட்டது ரூலி. வடக்கே போய், கடலணையை ஒட்டி மேற்காக லாவர்ஸோக் துறைமுகம் வரை, அங்கிருந்து படகில் தீவுக்கு. இது சரிப்பட்டு வந்தால் ஆகஸ்டில் ரைன் நதியோரமாக ஜெர்மனிக்குள் போகலாம் என்றும் சொன்னாள். அதற்கப்புறம் என்ன என்று மைண்டர்ட் தானாகவே யோசித்துக்கொண்டார். படுக்கப் போகும்போதெல்லாம் யோசித்தார்.

கிளம்புவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தார். பேட்டரி வாங்கிய வருஷத்தை எழுதி அதன் வயிற்றிலேயே ஒட்டிவைக்க வேண்டும் என்பது அவர் ஊருக்கெல்லாம் சொல்லும் பாடம். தன் பேட்டரியில் ஒட்டியிருந்ததைச் சுடுதண்ணீர் வைத்து உரித்து எடுத்துவிட்டார். இவ்வளவு சீக்கிரம் எப்படிச் செத்தது என்று ரூலி கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டாமே என்றுதான்.

முதல் நாள் காற்றில்லை, தூரமும் கம்மி, எப்படியோ ஒப்பேற்றியாகிவிட்டது. இரண்டாம் நாள் காலை கடலணையில் ஏறியதுமே மேற்குக் காற்று முகத்தில் அறைந்தது. மைண்டர்ட் ஓசைப்படாமல் மோட்டாரை அணைத்துவிட்டார். மிச்சம் பிடித்தால்தான் சாயங்காலம் ஊர் போய்ச் சேர முடியும். மோட்டார் ஓடாத பேட்டரி சைக்கிளை எதிர்க்காற்றில் மிதித்தவர்களுக்குத்தான் தெரியும், அது கல் ஏற்றிய வண்டி.

ரூலி பக்கத்தில் வந்தாள். "என்ன, மோட்டார் போடலையா?"

"தேவையில்லை," என்றார். மூச்சு வாங்கியது. "கால் எதுக்கு இருக்கு?"

ரூலி தன் இடது முட்டியை ஒரு தரம் பார்த்தாள். மைண்டர்ட் அதைக் கவனிக்கவில்லை, அவர் கவனமெல்லாம் அடுத்த மிதியில் இருந்தது.

எங்கள் ஊர்களில் இரண்டு பேர் சைக்கிளில் போவது பக்கத்தில் பக்கத்தில் போய்ப் பேசத்தான். போகிற இடம் சும்மா ஒரு சாக்கு. ரூலிக்குப் பேச விஷயம் நிறைய இருந்தது. அவள் வேகத்தைக் குறைத்து இவருக்காகக் காத்திருப்பாள். இவர் வந்து சேரும்போது பேச மூச்சு இருக்காது. "நீ போ, நீ போ," என்று கையைக் காட்டுவார். அவள் போவாள். மறுபடி நிற்பாள். மூன்றாவது தடவைக்கு மேல் நிற்கவில்லை.

மத்தியானம் அணைக்குக் கீழே இருந்த பான்கேக் கடையில் உட்கார்ந்தார்கள். கடை முழுக்க இவர்கள் வயசுக்காரர்கள். மூலையில் நீளமாகப் பலகை போட்டு, சுவரில் வரிசையாக சாக்கெட் வைத்திருந்தார்கள். பேட்டரிகள் பக்கத்தில் பக்கத்தில் படுத்துக் கிடந்தன. பரிமாறும் பெண்மணி தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"உங்க புள்ளைங்களையும் அங்கே படுக்க வைங்க, பால் குடிக்கட்டும். நீங்க வந்து நிம்மதியா சாப்பிடுங்க."

கடை மொத்தமும் சிரித்தது. ரூலி சிரிக்கவில்லை. இரண்டு பேட்டரியையும் வாங்கிக்கொண்டு போய் அவளே செருகிவிட்டு வந்தாள். பன்றிக்கறி வைத்த பான்கேக் வந்தது. மேலே பாகை ஊற்றினாள், கத்தியால் வெட்டினாள், வாயில் வைக்கவில்லை.

"நாளைக்கு நீ மட்டும் தீவுக்குப் போ, மைண்டர்ட். நான் திரும்பிப் போயிடறேன்."

"ஏன்? முட்டி வலிக்குதா?"

"முட்டிக்கு ஒண்ணும் இல்லை. காலையிலேர்ந்து நான் பேசினது ஆட்டுக்கிட்டத்தான். அதுவாவது திருப்பி ஒரு வார்த்தை கத்துச்சு."

"காத்து ஜாஸ்தி. நான் கொஞ்சம் மெதுவா..."

"மெதுவா வந்தா என்ன? ஒரு பட்டனை அழுத்தினா என் பக்கத்துல வரலாம். அழுத்த மாட்டேங்கறே. கால் எதுக்கு இருக்குங்கறே. சரி, உனக்கு ரெண்டு கால் இருக்கு. எனக்கு ஒண்ணுதான் உருப்படி. மோட்டார் இல்லாம அணை மேல ஏறக்கூட முடியாது. அது உனக்கு இளப்பமா இருந்தா, உன்கூட நான் ரைன் வரைக்கும் வந்து என்ன பண்ண? திரும்பிப் போறப்ப காத்து முதுகுலதான். சுகமா போயிடுவேன்."

மைண்டர்டுக்கு வாயில் இருந்த பான்கேக் மண்ணாகிப் போனது. ஒரு வாக்கியம் சொன்னால் போதும். என் பேட்டரி செத்துப்போச்சு ரூலி. அவ்வளவுதான். நாக்கு நுனிவரை வந்தது. சுற்றிலும் உட்கார்ந்திருந்த நரைத்த தலைகளைப் பார்த்தார், மூலையில் படுத்திருந்த பேட்டரிகளைப் பார்த்தார், எழுந்து கழிவறைக்குப் போய்விட்டார். ஆண்பிள்ளை வீரம் வேறெங்கே போகும்?

அவர் வெளியே வந்தபோது ரூலி காசு கொடுத்து முடித்து, இரண்டு பேட்டரியையும் எடுத்து வந்து, கோபத்தோடு 'டக் டக்' என்று இரண்டு சைக்கிளிலும் அழுத்தி மாட்டிவிட்டிருந்தாள். மாட்டச் சாவி வேண்டாம், கழற்றத்தான் வேண்டும். "கிளம்பலாமா?" என்றாள். அது கேள்வி மாதிரி இல்லை.

மறுபடி அணை. வலது பக்கம் தண்ணீர் வற்றிய சேற்றுக்கடல், இடது பக்கம் புல்சரிவில் ஆடுகள், நேர் எதிரே காற்று. லாவர்ஸோக் போய்ச் சேர இன்னும் இருபது கிலோமீட்டருக்கு மேல் இருந்தது. ரூலி திரும்பிப் பார்க்காமல் முன்னால் போனாள். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே போவது மைண்டர்டுக்குத் தாங்கவில்லை. செத்தால் சாகட்டும் என்று மோட்டாரைக் கீழ்ப்படியில் போட்டார். சைக்கிள் மெல்ல முன்னால் தள்ளியது. திரையில் இருந்த கோடுகள் இறங்கவில்லை. இன்னும் ஒரு படி ஏற்றினார். அப்போதும் இறங்கவில்லை. கடைசியில் உச்சப்படியான டர்போவில் போட்டார். அடேயப்பா! யாரோ பின்னாலிருந்து நெட்டித் தள்ளியதுபோல் பாய்ந்தது.

பேட்டரிக்கு உயிர் வந்துவிட்டது என்றே அவர் நம்பினார். அந்தக் கடையில் மின்சாரம் வேறு ஜாதியோ என்றுகூட நினைத்தார். பேட்டரியைப் பற்றி ஊருக்கே பாடம் நடத்தும் மனிதர் அப்படி நினைத்தார் என்றால் சந்தோஷம் மனிதனை எவ்வளவு முட்டாளாக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ரூலியை எட்டிப் பிடித்து, "பார்த்தியா, மோட்டார் போட்டாச்சு!" என்று கத்தினார்.

"இப்போ யாரு கேட்டா?" என்றாள்.

பக்கத்திலேயே போயிருக்க வேண்டும். ஆனால் காலையிலிருந்து கல் சுமந்த கால்களுக்கு அந்த வேகம் கள் குடித்த மாதிரி இருந்தது. கொஞ்ச தூரம் போய்விட்டு நிற்கலாம் என்று பறந்தார். எதிரே காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு வந்த ஒரு கூட்டத்துக்குக் கையை ஆட்டினார். "ஓய் பெரியவரே, எங்கே தீ பிடிச்சிருக்கு?" என்று ஒருவன் கேட்டான். வாய்விட்டுச் சிரித்தார். ஆடுகள் தாண்டிப் போகாமலிருக்கப் போட்ட ஆட்டுக்கதவு குறுக்கே வந்தது. இறங்கி, சைக்கிளைச் சாய்த்து வைத்து, கதவைத் திறக்கக் குனிந்தார்.

பேட்டரியின் கீழ்முனையில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது.

அந்தச் சில்லை அவருக்கு நன்றாகத் தெரியும். போன வருஷம் ரூலி மாடிப்படியில் பேட்டரியைக் கீழே போட்டபோது பெயர்ந்தது. அதற்காக அவளுக்கு அரைமணி நேரம் வகுப்பு எடுத்தவரே இவர்தான்.

திரும்பிப் பார்த்தார். தூரத்தில் ரூலி ஒரு புள்ளியாக இருந்தாள். புள்ளி நகரவில்லை.

அந்த இடத்தில் மைண்டர்ட் மனசில் ஓடியதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். முதலில் ஓடியது வெட்கம். அடுத்து ஓடியது ஒரு யோசனை, நல்ல சாமர்த்தியமான யோசனை. பேட்டரி மாறிப்போன விஷயம் ரூலிக்குத் தெரியாது. திரும்பிப் போய், 'உன் பேட்டரி படுத்துடுச்சா? பரவாயில்லை, என்னுடையதை எடுத்துக்கோ' என்று கழற்றிக் கொடுத்தால்? குட்டும் வெளிப்படாது, தியாகி என்ற பேரும் கிடைக்கும். நாளைக்குப் படகில் பக்கத்தில் உட்காருவாள். சைக்கிளைத் திருப்பினார். காற்று முதுகில் ஏறிக்கொண்டது, வழியெல்லாம் வசனத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார்.

ரூலி அணைச்சரிவில் புல்மேல் உட்கார்ந்திருந்தாள். திரை கறுத்துப்போன சைக்கிள் பக்கத்தில் கிடந்தது. அவள் அழுதுவிடுவாள் போலிருந்தது. அவளை அப்படி அவர் பார்த்ததே இல்லை.

"திட்டிடு," என்றாள். "நான்தான் கெடுத்துட்டேன். நீ படிச்சுப் படிச்சுச் சொன்னே. ரெண்டு தடவை முழுசா தீர விட்டிருக்கேன், உன்கிட்ட சொல்லலை. படியில வேற போட்டேன். பொசுக்குனு போயிடுச்சு பாரு."

"அதனால என்ன," என்றார் மைண்டர்ட். "என்னோடதை எடுத்துக்கோ."

ரூலி நிமிர்ந்தாள். "அப்போ நீ?"

"எனக்கென்ன, கால் இருக்கே."

அவள் முகம் இளகியது. மத்தியானத்துக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. "மைண்டர்ட்," என்று மெதுவாகச் சொன்னாள். பாலத்தில் வேலை பார்த்தவளுக்கு அவ்வளவு மெல்லிய குரல் உண்டென்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. "நான் உன்னை என்னென்னமோ நினைச்சுட்டேன்."

வசனம் அச்சுக் குலையாமல் பலித்துவிட்டது. சாவியை எடுக்கப் பைக்குள் கைவிட்டார். அந்தக் கண்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. செய்யாத தப்புக்கு இவள் அழ, செய்த நான் தியாகியா? அந்த இடத்தில்தான் அவருக்குத் தன்மேலேயே ஒரு அருவருப்பு வந்தது.

"என்னோடது இல்லை," என்றார்.

"எது?"

"இது உன்னோட பேட்டரி. சில்லு பெயர்ந்திருக்கு பாரு. கடையில மாத்தி மாட்டிட்டே. செத்துப்போனது என்னோடது. அது செத்து மாசக்கணக்காச்சு. காலையில மோட்டார் போடாததுக்கு அதான் காரணம். காலாவது மண்ணாவது. தொடை ரெண்டும் காலையிலேர்ந்து வலிக்குது."

ரூலி எழுந்து போய் சில்லைத் தடவிப் பார்த்தாள். "அப்போ இப்போ தியாகம் பண்ணினியே, அது?"

"பொய்."

"அடப்பாவி மனுஷா!" குரல் பழையபடி பாலத்துக் குரலாகிவிட்டது. பக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்த ஆடு நகர்ந்து போனது. "என்னை அழவெச்சுப் பார்த்துக்கிட்டு நின்னியே! எப்படிச் செத்துச்சு? உன் பேட்டரி?"

"பனிக்காலத்துல. கீழே விட்டுட்டேன். காலியா."

"யாரு? நீயா?"

"நான்தான்."

ரூலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். மைண்டர்ட் தலை குனிந்து நின்றார். அவளாக நிறுத்தட்டும் என்று காத்திருந்தார்.

"எல்லாரையும் ராத்திரியானா தூக்கிட்டுப் போ, தூக்கிட்டுப் போன்னு உயிரை வாங்குவியே. நீ ஏன் தூக்கிட்டுப் போகலை?"

"தினமும் தூக்கிட்டுத்தான் போவேன். சாப்பிட்டு முடிச்சதும் கீழே இறங்கிப் போய்ப் பேட்டரியை எடுத்துட்டு வர்றதுதான் எனக்கு ராத்திரி வேலை. வேற வேலை எதுவும் இல்லை. பெட்ரா போனப்புறம் வருஷக்கணக்கா அதான்." பெட்ரா அவர் மனைவி. "டிசம்பர்ல நீ சீட்டாட வரச்சொன்னே. அந்த நேரத்துல நான் சட்டை மாத்திக்கிட்டு உன் வீட்டுக்கு வந்துடுவேன். திரும்பிப் போனாலும் பேட்டரி ஞாபகம் வராது. வேற ஞாபகமா இருக்கும். மார்ச் வரைக்கும் வரலை."

காற்று இரைந்துகொண்டிருந்தது. ரூலி சிரிப்பை நிறுத்திவிட்டாள். கையை நீட்டி அவரிடமிருந்து சாவியை வாங்கினாள். தன் சாவியையும் எடுத்து இரண்டையும் கழற்றினாள், தன் பேட்டரியைத் தன் சைக்கிளிலும் செத்ததை அவர் சைக்கிளிலும் போட்டாள். இந்தத் தடவை மெதுவாகத்தான் மாட்டினாள்.

"ஏறு," என்றாள்.

"நீ போ ரூலி. நான் பின்னாலேயே மெதுவா வந்துடறேன். இருட்டுக்கு முன்னால வந்துடுவேன்."

"ஏறுன்னா ஏறேன்."

ஏறினார். மிதித்தார். கல் வண்டி மெல்ல நகர்ந்தது. ரூலி பக்கத்தில் வந்து, டர்போவைப் போட்டு, வலது கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்து அவர் முதுகில் வைத்தாள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பெரிய பையன்கள் சின்னவர்களை எதிர்க்காற்றில் இப்படித்தான் தள்ளிக்கொண்டு வருவார்கள். மைண்டர்டும் அந்த வயசில் எத்தனையோ பேரைத் தள்ளியிருக்கிறார். அவரை யாரும் தள்ளியதில்லை, அவர் விட்டதில்லை. இப்போது தோள்பட்டைக்குக் கீழே அந்தக் கை சூடாக அழுத்திக்கொண்டிருந்தது. இரண்டு சைக்கிளும் ஒரே வேகத்தில் போயின.

"ரொம்பக் கனமா இருக்கேனா?"

"இருக்கே. வாயை மூடிக்கிட்டு மிதி."

வாயை மூடிக்கொண்டு மிதித்தார். ரூலிதான் பேசினாள். காலையில் ஆட்டிடம் சொன்னதையெல்லாம் முதலிலிருந்து ஆரம்பித்தாள். கட்டிடத்தில் யார் யாரிடம் பேசவில்லை, மருமகள் எந்தச் சமையலறைக்கு ஆசைப்படுகிறாள், சைக்கிள் கடைக்காரர் மனைவியிடம் இந்தக் கதையை எந்த விலைக்கு விற்கலாம், எல்லாம் வந்தது. நடுவில் கை வலித்தபோது உதறிவிட்டு மறுபடி வைத்தாள். ஆட்டுக்கதவு வந்தது, திறந்து, மூடி, ஏறிக்கொண்டார்கள். கை தன் இடத்துக்குத் திரும்பி வந்தது.

லாவர்ஸோக் துறைமுகத்து விளக்குக் கம்பங்கள் தெரிய ஆரம்பித்தபோது அவள் பேச்சை மாற்றினாள்.

"நாளைக்குக் காலையில படகு எத்தனை மணிக்கு?"

மைண்டர்டின் கால்கள் தாமாகவே வேகமாக மிதித்தன. சந்தோஷம்தான், வேறொன்றும் இல்லை.

"ஒன்பதரைக்கு," என்றார்.

"ரெண்டு டிக்கெட் வாங்கிடு," என்று சொல்லிவிட்டு, ரூலி இன்னும் கொஞ்சம் அழுத்தித் தள்ளினாள்.